200 லிட்டர் டேங்கும் பசிபிக் கடலும்: சிமுலேட்டரில் ஓர் உலகச் சுற்று

ஃப்ளைட் சிமுலேட்டர் (கணினியில் விமானம் ஓட்டும் மென்பொருள்) வைத்திருப்பவர்கள் பலருக்கும் ஒரு கட்டத்தில் உலகத்தைச் சுற்றிவிட வேண்டும் என்ற ஆசை வந்துவிடும். ஜெட் விமானத்தில் கிளம்பினால் சீக்கிரமே அலுத்துவிடும். 35,000 அடியில் எந்த நாட்டின் மேல் பறந்தாலும் திரையில் தெரிவது ஏறக்குறைய ஒன்றுதான். ஆகவே சின்ன விமானத்துக்கு வருவார்கள். நாலு பேர் உட்காரும் ஒற்றை என்ஜின் விமானம், 8,000 அடி உயரம், கீழே ஆறும் ஊரும் தெளிவாகத் தெரியும். ஒரு கண்டத்தை இப்படி ரசித்துக் கடந்த பிறகு கடல் குறுக்கே வரும். டேங்கை எவ்வளவு நிரப்பினாலும் அக்கரை எட்டாது. அந்த இடத்தில் செட்டிங்ஸைத் திறந்து, எரிபொருள் தீராதபடி ஒரு டிக் போட்டுவிட்டுப் போகிறவர்கள் நிறைய.

அந்த டிக்கோடு உலகச் சுற்று முடிந்துவிட்டது என்பது என் கட்சி. அதற்குப் பிறகு நடப்பது வேடிக்கை பார்ப்பது. அதில் தப்பொன்றும் இல்லை, ஆனால் அது வேறு விஷயம்.

டிக் போடாமல், உண்மையாகவே ஒரு சின்ன விமானம் போன பாதையைச் சிமுலேட்டரில் பிடித்துப் பறந்தால் என்ன கிடைக்கும், எது கிடைக்காது என்று பார்ப்பதுதான் இங்கே வேலை. எடுத்துக்கொண்ட பாதை, 1964-ல் ஜெர்ரி மாக் என்ற அமெரிக்கப் பெண் தனியாகப் பறந்த பாதை. மென்பொருள் எக்ஸ்-பிளேன் 12. விமானம், அதனுடனேயே வரும் செஸ்னா 172.

1964-ல் நடந்தது

ஜெர்ரி மாக்குக்கு அப்போது 38 வயது. ஒஹாயோ மாநிலம் கொலம்பஸ் நகரில் கணவர், மூன்று பிள்ளைகளோடு வாழ்ந்தவர். கிளம்பும்போது அவருக்கு இருந்த பறத்தல் அனுபவம் சுமார் 750 மணி நேரம். தொழில்முறை விமானிகள் கணக்கில் இது ஆரம்ப நிலைதான். விமானம் 1953-ல் செய்த செஸ்னா 180. அதாவது 11 வருஷப் பழசு. நாலு இருக்கையில் மூன்றைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் பெட்ரோல் டேங்குகளை வைத்தார்கள். மார்ச் 19 அன்று கொலம்பஸில் கிளம்பி, ஏப்ரல் 17 இரவு அங்கேயே வந்து இறங்கினார். 29 நாள், 11 மணி, 59 நிமிஷம். தனியாக உலகைச் சுற்றிய முதல் பெண் என்ற சாதனை அவருடையது.

பாதை இது: கொலம்பஸ், பெர்முடா, அசோர்ஸ் தீவுகளில் சாண்டா மரியா, காசாபிளாங்கா, அல்ஜீரியாவில் பூன் (இப்போதைய அன்னாபா), திரிபோலி, கெய்ரோ, சவூதி அரேபியாவில் தஹ்ரான், கராச்சி, டெல்லி, கல்கத்தா, பாங்காக், மணிலா, குவாம், வேக் தீவு, ஹோனலூலு, கலிபோர்னியாவில் ஓக்லாந்து, அங்கிருந்து அமெரிக்காவின் தெற்குப் பக்கமாக வீடு. மொத்தம் சுமார் 37,000 கிமீ.

அதே சமயத்தில் ஜோன் மெரியம் ஸ்மித் என்ற இன்னொரு பெண் விமானி, அமீலியா இயர்ஹார்ட் என்ற பெண் விமானி 1937-ல் உலகைச் சுற்றக் கிளம்பி, பசிபிக்கில் காணாமல் போகும் வரை போன வழியைப் பிடித்து, இரட்டை என்ஜின் பைப்பர் அப்பாச்சியில் மார்ச் 17 அன்றே ஓக்லாந்தில் கிளம்பிவிட்டார். அவர் சுற்றி முடித்தது மே 12-ல். பத்திரிகைகளுக்கு இது நல்ல போட்டிக் கதை. மாக்குக்கோ, ஒவ்வொரு ஊரிலும் ஓய்வெடுக்க விடாமல் துரத்திய தொல்லை.

இந்த ஆய்வுக்கு முக்கியமான எண் வேறொன்று. 37,000 கிமீயை மணிக்கு 235 கிமீ வேகத்தில் பறந்தால் 160 மணிக்குள் முடிந்துவிடும். பயணம் எடுத்ததோ 708 மணி. நாலில் ஒரு பங்குக்கும் குறைவான நேரம்தான் ஆகாயத்தில். மொத்த நேரத்தைப் போட்டுச் சராசரி பார்த்தால் மணிக்கு 52 கிமீ வருகிறது. நம்ம ஊர் பாயிண்ட் டு பாயிண்ட் பஸ்ஸின் வேகம். மிச்சமெல்லாம் தரையில் போனது. பெர்முடாவில் வானிலை சரியில்லை என்று கிட்டத்தட்ட ஒரு வாரம் உட்கார்ந்தார். பழுது பார்ப்பது, அனுமதித் தாள்கள், சுங்கம், வரவேற்புகள், பத்திரிகைக்காரர்கள் என்று ஊருக்கு ஊர் நேரம் கரைந்தது. சிமுலேட்டர் நமக்குத் தருவது அந்த ஆகாயப் பகுதியை மட்டும். இதை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

விமானமும் கணக்கும்

மாக்கின் 180-க்கு 225 குதிரைத்திறன் என்ஜின். நம் 172-க்கு 180 குதிரைத்திறன். இறக்கையில் உள்ள இரண்டு டேங்கிலும் சேர்த்துப் பயன்படுத்தக்கூடிய பெட்ரோல் 53 அமெரிக்க கேலன், அதாவது 200 லிட்டர். சிக்கனமாக ஓட்டினால் மணிக்கு 34 லிட்டர் குடித்து 110 நாட் போகும். மணிக்கு சுமார் 204 கிமீ. முக்கால் மணி நேர இருப்பை ஒதுக்கிவிட்டால் காற்றில்லாத நாளில் 1,050 கிமீ சொச்சம்தான் தாண்ட முடியும்.

இந்த எண்ணை மாக்கின் பாதை மேல் வைத்துப் பார்த்தால் சிரிப்புத்தான் வரும். பூனிலிருந்து திரிபோலி 670 கிமீ, அது எளிது. கராச்சியிலிருந்து டெல்லி 1,070 கிமீ. பின்னாலிருந்து காற்று கொஞ்சம் தள்ளிவிட்டால் முடியும். அமெரிக்காவுக்குள் இறங்கி இறங்கிப் போகலாம். மற்றவை எதுவுமே முடியாது. முதல் கட்டமான கொலம்பஸ்–பெர்முடாவே 1,830 கிமீ. கெய்ரோ–தஹ்ரான், திரிபோலி–கெய்ரோ போன்ற தரைவழிக் கட்டங்கள்கூட 1,700 கிமீயைத் தாண்டுகின்றன. உலகப்படத்தில் நாம் சாதாரணமாகப் பார்க்கும் இடைவெளிகள், 200 லிட்டரை அளவுகோலாக வைத்தவுடன் சட்டென்று பெரிதாகிவிடுகின்றன.

சரி, டேங்கைக் கூட்டலாம். எக்ஸ்-பிளேனோடு பிளேன் மேக்கர் என்ற தனி நிரல் வருகிறது. அதில் எந்த விமானத்தையும் திறந்து டேங்கின் கொள்ளளவு, இடம், உச்ச எடை எல்லாவற்றையும் மாற்றலாம். பின் இருக்கைகளை எடுத்துவிட்டு அங்கே டேங்க் வைத்ததாக எழுதிக்கொள்ள சில நிமிஷம் போதும். ஆனால் எண்ணைத் தட்டுவது சுலபம், எடைக்குப் பதில் சொல்வதுதான் கஷ்டம். சிமுலேட்டரின் அருமையே அது அந்தப் பதிலைக் கேட்டு வாங்கிவிடுகிறது என்பதில் இருக்கிறது.

ஹோனலூலு–ஓக்லாந்தை எடுத்துக்கொள்வோம். 3,870 கிமீ. 19 மணி நேரம், 645 லிட்டர். மூன்று மணி நேர இருப்பு 100 லிட்டர் சேர்த்தால் 745. ஒரு லிட்டர் பெட்ரோல் 0.72 கிலோ, ஆக 540 கிலோ எரிபொருள். வெறும் விமானம் ஏறக்குறைய 760 கிலோ, விமானி 80, கூடுதல் டேங்கும் ரப்பர் படகும் 40. கூட்டினால் 1,420. இந்த விமானத்துக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச எடை 1,157 கிலோ. கிட்டத்தட்ட 23 சதவீதம் அதிகம். விமானங்களைக் கடல் தாண்டிக் கொண்டுபோய் ஒப்படைக்கும் தொழில் செய்கிறவர்கள் சிறப்பு அனுமதி வாங்கி உச்ச எடைக்கு மேல் ஏற்றிக்கொண்டுதான் போகிறார்கள். ஆகவே இது கற்பனையான எடை இல்லை. ஆனால் அதை ஓட்டுவது வேறு ஜாதி.

விதிகள் சிலவற்றை வைத்துக்கொண்டேன். ஜிபிஎஸ் கிடையாது, திசைகாட்டி, கடிகாரம், ரேடியோ வழிகாட்டி நிலையங்கள் மட்டும். வானிலை அன்றைய நிஜ வானிலை. கிளம்பும் முன் ஒரு முறை காற்று விவரம் பார்க்கலாம், நடுவில் பார்க்கக் கூடாது. நேரத்தை வேகப்படுத்துவது ஏற்றத்திலும் கடைசி மூன்று மணி நேரத்திலும் கூடாது. தற்செயல் பழுதுகள் வரும்படி திறந்து வைக்க வேண்டும். இறங்கிய இடத்திலிருந்துதான் அடுத்த முறை கிளம்ப வேண்டும்.

நேரத்தை வேகப்படுத்துவது பற்றி இரண்டு கட்சி உண்டு. 18 மணி நேரக் கடலை 18 மணி நேரமும் உட்கார்ந்து கடக்காவிட்டால் அது பறப்பே இல்லை என்பார்கள் ஒரு சாரார். ஆட்டோபைலட்டில் போட்டுவிட்டுத் தூங்கப் போகிறவர்களும் அவர்களில் உண்டு என்பதால் அந்த வாதத்தை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. கடைசி மூன்று மணி நேரம் முழிப்பாகவும் பதற்றமாகவும் இருந்தால் போதும். ஏன் என்பது அட்லாண்டிக்கில் தெரிந்துவிடும்.

பெர்முடாவிலிருந்து சாண்டா மரியா

பெர்முடாவின் இன்றைய விமான நிலையம், மாக் இறங்கிய கிண்ட்லி விமானத் தளத்தின் இடத்திலேயே இருக்கிறது. ஓடுபாதை கிட்டத்தட்ட 3 கிமீ. சாதாரண 172-க்கு அதில் ஐந்தில் ஒரு பங்குகூடத் தேவைப்படாது. 700 லிட்டரோடு, உச்ச எடைக்கு 20 சதவீதம் மேலே நிற்கும்போது அந்த நீளத்தின் மதிப்பு தெரியும்.

திராட்டிலை (என்ஜின் விசையைக் கூட்டும் பிடி) முழுதாகக் கொடுத்தும் விமானம் நகர்வதாகவே தெரியவில்லை. வேகக் கருவியின் முள் 40 நாட்டைத் தொடுவதற்குள் வழக்கமாகத் தரையை விட்டிருக்கும் இடம் பின்னால் போய்விட்டது. 55 நாட்டில் மூக்கைத் தூக்கினால் வழக்கமாக எழும்பிவிடும். இப்போது அந்த வேகத்தில் தூக்கக் கூடாது. எடை 20 சதவீதம் கூடினால் ஸ்டால் வேகம், அதாவது இறக்கை விமானத்தைத் தாங்கக் கூடிய குறைந்தபட்ச வேகம், சுமார் 10 சதவீதம் கூடும். 62 வரை பொறுத்து மெல்ல இழுத்தால், சக்கரம் விடுகிறது, ஆனால் ஏற மறுக்கிறது. அலைக்கு மேல் நூறு அடியில் மூக்கைத் தாழ்த்தி வேகம் சேர்த்து, அப்புறம்தான் மேலே போக முடிந்தது. பின்பக்க டேங்க் நிறைந்திருப்பதால் எடையின் மையம் பின்னால் தள்ளியிருக்கிறது. யோக்கை (விமானத்தின் ஸ்டீயரிங்) ஒரு விரல் அளவு இழுத்தால் மூக்கு இரண்டு மடங்கு துள்ளுகிறது. முதல் இரண்டு மணி நேரம் பின் டேங்கிலிருந்தே எரித்துத் தீர்த்தபோதுதான் கை நடுக்கம் குறைந்தது. வழக்கமாக நிமிஷத்துக்கு 700 அடி ஏறும் விமானம் அதில் பாதிதான் ஏறியது. 9,000 அடியை அடைவதற்குள் பெர்முடா கண்ணுக்குத் தெரியாமல் போயிருந்தது.

இதற்குப் பிறகுதான் உண்மையான பிரச்சினை. சாண்டா மரியா 3,620 கிமீ தூரத்தில், சுமார் 17 கிமீ நீளமுள்ள ஒரு தீவு. கடல் மைலில் சொன்னால் 1,950. விமானிகள் 60-க்கு 1 என்றொரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: திசையில் 1 டிகிரி பிசகினால் 60 மைலுக்கு 1 மைல் விலகுவோம். 1,950 மைலில் அது 33 மைலுக்குக் குறையாத விலகல். தீவிலிருந்து வரும் ரேடியோ வழிகாட்டி அலை நேர்கோட்டில் போவது. 9,000 அடியில் அது நமக்கு எட்டுவது ஏறக்குறைய 117 மைல் வரைக்கும்தான். ஆகவே மொத்தப் பயணத்தில் 3 டிகிரிக்குள் பிசகினால் கடைசியில் ரேடியோ நம்மைப் பிடித்துக்கொள்ளும். அதற்கு மேல் போனால் தீவு பக்கவாட்டில் எங்கோ கடந்துபோய்விடும், நமக்குத் தெரியவே தெரியாது.

3 டிகிரி தாராளம் என்று தோன்றும். காற்றைச் சேர்த்துக்கொண்டால் அந்த நினைப்பு போய்விடும். 110 நாட் வேகத்தில் போகும் விமானத்தைக் கணக்கில் வராத 10 நாட் பக்கவாட்டுக் காற்று 5 டிகிரிக்கு மேல் தள்ளும். 10 நாட் என்பது கடலில் ஒன்றுமே இல்லாத காற்று. அதே தள்ளல் வழி நெடுகிலும் நீடித்தால் போய்ச் சேருவது தீவுக்கு 170 மைலுக்கும் அப்பால். ஜெட் விமானத்துக்கு இந்தத் தலைவலி மிகக் குறைவு. 450 நாட்டில் பறக்கும் விமானத்தை அதே காற்று ஒன்றே கால் டிகிரிதான் தள்ளும், அதுவும் கொஞ்ச நேரத்துக்கு. மெதுவாகப் பறப்பவனைத்தான் காற்று அதிகம் ஏமாற்றுகிறது.

நடுக்கடலில் காற்றைக் கண்டுபிடிக்க ஒரே வழி கீழே பார்ப்பது. எக்ஸ்-பிளேன் 12-ல் கடல் அலை காற்றுக்கு ஏற்ப மாறுகிறது. மேகக் கூட்டத்தின் இடைவெளியில் அலையின் வரிசையைப் பார்த்து, காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று குத்துமதிப்பாகச் சொல்லலாம். ஆனால் அது கடல்மட்டத்துக் காற்று. 9,000 அடியில் அடிப்பது வேறாக இருக்கலாம். கப்பல்காரர்கள் காலத்திலிருந்து வரும் இன்னொரு தந்திரம் இங்கே உதவியது. தீவை நேராகக் குறிவைக்காமல், வேண்டுமென்றே ஒரு பக்கம் தள்ளிக் குறிவைப்பது. வடக்கே 2 டிகிரி தள்ளிப் போனால், நேரம் முடிந்தும் தீவு தெரியவில்லை என்றால் தெற்கே திரும்ப வேண்டும் என்பதாவது நிச்சயம். நேராகக் குறிவைத்தவனுக்கு எந்தப் பக்கம் திரும்புவது என்றே தெரியாது.

கடைசி மூன்று மணி நேரம் ரேடியோவில் வெறும் இரைச்சல். கருவியின் முள் செத்துக் கிடக்கிறது. ஒரு கட்டத்தில் அது லேசாகத் துடித்து, மறுபடி விழுந்து, பிறகு வலப்பக்கம் சாய்ந்து நின்றது. மேஜை முன்னால் உட்கார்ந்திருக்கிறோம், கடலில் விழுந்தாலும் காபி ஆறுவதைத் தவிர நஷ்டம் இல்லை என்பது தெரிந்தும் அந்த முள் அசைந்தபோது வந்த நிம்மதி நிஜம். தீராத பெட்ரோல் டிக் இருந்திருந்தால் அந்த முள்ளை யாரும் பார்த்துக்கொண்டிருக்கப் போவதில்லை.

மாக்கின் நிலைமை இதைவிட மோசம். நீண்ட தூரம் பேசுவதற்கான ரேடியோ கொலம்பஸிலிருந்து கிளம்பிய முதல் கட்டத்திலேயே வேலை செய்யவில்லை. அதன் வயர் இணைக்கப்படாமல் கிடந்தது பிறகுதான் தெரிந்தது. பெர்முடாவில் காற்றில் இறங்கும்போது பிரேக்கும் படுத்தியது. சிமுலேட்டரில் ரேடியோவைச் செயலிழக்க வைக்கலாம், பிரேக்கைச் செயலிழக்க வைக்கலாம். பழுதுப் பட்டியல் நீளமானது. ஆனால் தரையில் இறங்கியபின் இருக்கையின் அடியில் தலையைவிட்டு, கழன்ற வயரைத் தேடுவதற்கு ஒரு இடமும் இல்லை. அடுத்த முறை திறந்தால் எல்லாம் சரியாகிவிடுகிறது.

பாலைவனம்

காசாபிளாங்காவுக்கும் பூனுக்கும் வேகமாக வந்துவிடலாம். அட்லஸ் மலைகள் அழகு, அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. திரிபோலியிலிருந்து கெய்ரோ வேறு கதை.

1964-ல் லிபியப் பாலைவனத்தின் மேல் மாக்கின் விமானத்துக்குள் கருகும் வாசனை வந்தது. பின்னால் இழுபட்டு வரும் நீண்ட ஆன்டெனாவை உள்ளேயும் வெளியேயும் விடும் மோட்டார் நிற்காமல் ஓடிச் சூடேறியிருந்தது. இருப்பதோ பெட்ரோல் டேங்குகளுக்கு நடுவில். சுவிட்சை அணைத்து, சூடு தணியும் வரை காத்திருந்தார். அவரது மொத்தப் பயணத்திலும் உயிருக்கு நேரடியாக வந்த ஆபத்து என்று இதைத்தான் சொல்வேன். சிமுலேட்டருக்கு மூக்கு கிடையாது. எந்த அலாரமும் அடிக்காத, எந்த முள்ளும் காட்டாத ஆபத்தை அது நமக்குத் தர முடியாது.

எனக்கு அங்கே வந்தது வேறு பழுது. வெற்றிட பம்ப் நின்றுவிட்டது. விமானம் நிமிர்ந்திருக்கிறதா, சாய்ந்திருக்கிறதா என்று காட்டும் கருவியும் திசை காட்டும் கைரோவும் இந்த பம்பில்தான் ஓடுகின்றன. பம்ப் நின்றவுடன் அவை நின்றுவிடுவதில்லை. சுழற்சி மெல்லக் குறைந்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பொய் சொல்ல ஆரம்பிக்கும். செயற்கை அடிவானம் இடப்பக்கம் சாய, கண் தானாகவே அதைச் சரிசெய்யப் பார்த்துக் கை வலப்பக்கம் போகிறது. வெளியே மணல் நிறத்தில் புழுதி, நிஜ அடிவானம் மங்கல். இரண்டு கருவியையும் ஒட்டுத்தாள் வைத்து மறைப்பதுதான் நிஜ விமானிகளின் பழக்கம். நான் திரையின் மேலேயே ஒட்டினேன். பிறகு கெய்ரோ வரை காந்தத் திசைகாட்டியும் மின்சாரத்தில் ஓடும் திருப்பக் கருவியும்தான். காந்தத் திசைகாட்டி திரும்பும்போது முந்திக்கொள்ளும் அல்லது பின்தங்கும், வேகம் மாறினாலும் ஆடும். நேராக, சீராகப் பறந்தால் மட்டும் உண்மை பேசும்.

கெய்ரோவில் மாக் இறங்கியது தவறான இடத்தில். இன்ஷாஸ் என்ற ராணுவ விமானத் தளத்தில் இறங்கிவிட்டார். சுற்றி நின்றது சிப்பாய்கள். விஷயம் விளங்கி அவரை விடுவிக்கச் சில மணி நேரம் ஆனது. இதைப் படிக்கும்போது, இவ்வளவு பெரிய நகரத்தில் எப்படி மாற்றி இறங்க முடியும் என்று கேட்கத் தோன்றும். மேலே போய்ப் பார்த்தால் அந்தக் கேள்வி அடங்கிவிடுகிறது. இன்ஷாஸ், சர்வதேச விமான நிலையத்துக்கு வடக்கே சுமார் 25 கிமீ. விமானத்தில் ஏழெட்டு நிமிஷம். நைல் படுகையின் பச்சை முடிந்து மணல் தொடங்கும் விளிம்பை ஒட்டி இரண்டும் கிடக்கின்றன. புழுதி மூட்டத்தில் மேற்கேயிருந்து வருகிறவனுக்கு, முதலில் கண்ணில் படும் நீளமான ஓடுபாதை எதுவோ அதுதான் கெய்ரோ. சிமுலேட்டர் ஓர் ஆதாரமாகப் பயன்படுவது இந்த மாதிரி இடத்தில்தான். அன்றைக்கு நடந்ததை அது நிரூபிக்காது, ஆனால் நடந்தது எவ்வளவு இயல்பானது என்று காட்டிவிடுகிறது.

சிப்பாய்கள் வரமாட்டார்கள், அவ்வளவுதான். எந்த நாட்டின் எந்த ராணுவத் தளத்திலும் இறங்கலாம், ஒரு குரல்கூடக் கேட்காது. வாட்சிம் போன்ற வலையமைப்பில் சேர்ந்தால் தன்னார்வலர்கள் விமானக் கட்டுப்பாட்டாளர்களாக உட்கார்ந்து பேசுவார்கள். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அது மிக நன்றாக இருக்கும். மாக்கின் பாதையில் உள்ள பல வான்பகுதிகளில் பெரும்பாலான நேரம் யாரும் இருப்பதில்லை.

தஹ்ரானில் விமானம் நின்றதும் கூடியிருந்தவர்களில் ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்து, ஆண் யாரும் இல்லை என்று சொன்ன பிறகு கூட்டம் கைதட்டியதாக மாக் சொல்லியிருக்கிறார். பெண்கள் கார் ஓட்டவே அனுமதி இல்லாத நாடு அப்போது. என் திரையில் தஹ்ரான், வெயிலில் பளபளக்கும் காலியான கான்கிரீட் தளம்.

பசிபிக்: எதிர்க்காற்று

கராச்சி, டெல்லி, கல்கத்தா, பாங்காக் கட்டங்கள் சுகமானவை. கங்கைச் சமவெளியில் ரயில் பாதையைப் பிடித்தே போகலாம். பாங்காக்–மணிலா நேர்கோடு கம்போடியா, தென் வியட்நாம் மேல் போகிறது. 1964-ல் கீழே போர் நடந்துகொண்டிருந்தது.

மணிலாவுக்குப் பிறகுதான் இந்தப் பாதையின் உண்மையான கொடுமை. மணிலா–குவாம் 2,560 கிமீ, குவாம்–வேக் 2,410 கிமீ, வேக்–ஹோனலூலு 3,690 கிமீ, ஹோனலூலு–ஓக்லாந்து 3,870 கிமீ. தூரத்தை மட்டும் பார்த்தால் கடைசியாக உள்ளதுதான் பெரியது. பறந்தால் வேக்–ஹோனலூலுதான் முதுகை உடைக்கிறது.

காரணம் வணிகக் காற்று. வெப்ப மண்டலக் கடலில் அது கிழக்கிலிருந்து மேற்காக, நாள் தவறாமல் அடிப்பது. அட்லாண்டிக்கின் நடு அட்சரேகைகளில் மேலைக்காற்று நம்மைத் தள்ளிவிட்டது. அதே கிழக்குத் திசையில் போகிறவன் வெப்ப மண்டலப் பசிபிக்கில் காற்றை நெஞ்சில் வாங்க வேண்டும். 15 நாட் எதிர்க்காற்று என்று வைத்துக்கொண்டால் 110 நாட் விமானம் தரைக்கணக்கில் 95 நாட்தான் போகும். 18 மணி நேரப் பயணம் 21 மணி நேரமாகிறது. கூடுதல் மூன்று மணிக்கு 100 லிட்டர். ஆக 815 லிட்டர் ஏற்ற வேண்டும். எடை உச்சத்தைவிட 27 சதவீதம் மேலே. பெட்ரோல் கூடினால் எடை கூடும், எடை கூடினால் வேகம் குறையும், வேகம் குறைந்தால் இன்னும் பெட்ரோல் வேண்டும். 180 குதிரைத்திறனுக்கு இந்த இடத்தில் மூச்சு முட்டுகிறது.

இதற்கு ஒரே விடை தாழ்வாகவும் மெதுவாகவும் பறப்பது. கடல்மட்டத்திலிருந்து 3,000 அடிக்குள் இருந்தால் ஏறுவதற்கான எரிபொருள் மிச்சம். பெட்ரோல் எரிய எரிய எடை குறையும்போது திராட்டிலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே போக வேண்டும். ஆனால் தாழப் பறந்தால் ரேடியோ எட்டும் தூரமும் சுருங்கும்: 9,000 அடியில் 117 மைல், 3,000 அடியில் 67. தீவைக் கண்டுபிடிப்பதற்கான வலை பாதியாகிவிடுகிறது. ஹவாய் தீவுக்கூட்டம் அகலமானது, பெரிய எரிமலைகள் உள்ளது, அதனால் அங்கே இதைத் துணிந்து செய்யலாம். வேக் தீவை நோக்கி வரும்போது முடியாது. அதன் மொத்தப் பரப்பே 7 சதுர கிமீ அளவுதான். உச்சி கடல்மட்டத்திலிருந்து சில மீட்டர்தான் எழும்பி நிற்கிறது. சிதறிய மேகங்கள் கடலில் போடும் நிழல் ஒவ்வொன்றும் தீவு மாதிரியே தெரியும். இயர்ஹார்ட் 1937 ஜூலை 2 அன்று தேடிய ஹவ்லாண்ட் தீவு இதைவிடச் சின்னது. அவருக்கு என்ன ஆனது என்பது பற்றி எத்தனையோ கட்டுக்கதைகள் உலவுகின்றன. வேக் தீவை ஜிபிஎஸ் இல்லாமல் ஒரு தடவை தேடிப் பார்த்தவருக்கு அந்தக் கதைகள் எதுவும் தேவைப்படாது.

வடக்கே போனால்

உலகச் சுற்று செய்கிற பல சிமுலேட்டர்காரர்கள் இந்தத் தொல்லையெல்லாம் வேண்டாம் என்று வடக்குப் பாதையை எடுக்கிறார்கள். கனடாவின் இகாலுயிட், கிரீன்லாந்தில் நூக், குலுசுக், அப்புறம் ரெய்க்யாவிக், ஃபாரோ தீவுகள், ஸ்காட்லாந்தின் விக். இதில் எந்தக் கட்டமும் 830 கிமீயைத் தாண்டாது. பிளேன் மேக்கரைத் தொடாமல் 200 லிட்டர் டேங்கோடே அட்லாண்டிக்கைத் தாண்டிவிடலாம். அந்தப் பக்கம் அலாஸ்காவின் நோமிலிருந்து ரஷ்யாவின் புரொவிதேனியா வெறும் 375 கிமீ. படகு போகிற தூரம்.

பறப்பதற்கு இது அருமையான பாதை. கிரீன்லாந்துப் பனித்தட்டைத் தாண்டுவதற்கே ஒருமுறை போகலாம். ஆனால் உலகைச் சுற்றியதாகச் சொல்லிக்கொள்வதில் கொஞ்சம் நெருடல் உண்டு. 60 டிகிரி அட்சரேகையில் பூமியின் சுற்றளவு நிலநடுக்கோட்டில் இருப்பதில் சரிபாதி, சுமார் 20,000 கிமீ. உலகச் சுற்றுச் சாதனைக்குச் சர்வதேச வானூர்திக் கூட்டமைப்பு கேட்கும் குறைந்தபட்ச தூரம் 36,787.559 கிமீ, அது கடகரேகையின் நீளம். வடக்கே சுற்றுகிறவர்கள் அந்த எண்ணை எட்ட வேண்டுமானால் நடுவில் எங்காவது தெற்கே இறங்கி ஏற வேண்டும். ஸாரா ரதர்ஃபோர்ட் 2021-22-ல் மிக இலகுவான ஒரு விமானத்தில் தனியாகச் சுற்றியபோது அப்படித்தான் செய்தார். நோமிலும் ரஷ்யாவிலும் அவர் வானிலைக்காக வாரக்கணக்கில் முடங்கிக் கிடந்தார். சிமுலேட்டரில் பெரிங் நீரிணை மோசமாக இருந்தால் வானிலையைத் தெளிவாக மாற்றி வைத்துவிட்டுப் போகலாம். இந்த ஆய்வில் அந்தப் பொத்தானைத் தொடவில்லை. இறங்க முடியாத வானிலை என்றால் அன்றைக்குப் பறப்பு இல்லை. மாக்கின் தரைநேரத்தில் சிமுலேட்டருக்குள் கொண்டுவர முடிந்த ஒரே பகுதி இதுதான்.

2022-க்குப் பிறகு நோம்–புரொவிதேனியா பாதை மேலை நாட்டுச் சின்ன விமானங்களுக்கு நடைமுறையில் மூடிவிட்டது. அந்த வருஷம் ஸாராவின் தம்பி மேக் ரதர்ஃபோர்ட் 16 வயதில் கிளம்பி 17 வயதில் சுற்றி முடித்தபோது ரஷ்யாவைத் தவிர்த்து, ஜப்பானிலிருந்து நேராக அலூஷியன் தீவுகளில் ஆளில்லாத அட்டு தீவுக்குப் பறந்தார். இந்தக் கோட்டை 172-க்குக் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறேன். ஹொக்கைடோவின் குஷிரோவிலிருந்து அட்டு சுமார் 2,400 கிமீ. இருப்போடு 500 லிட்டர். எடை உச்சத்துக்கு 7 சதவீதம் மேலே. ஹவாயைப் பார்த்த பிறகு இது லேசான வேலை. ஆனால் அட்டுவில் ஆளே இல்லை என்றால் பெட்ரோல் பம்பும் இல்லை. சிமுலேட்டர் அங்கேயும் ஒரு கிளிக்கில் நிரப்பித் தரும். நிரப்பாமல் போவதென்றால் இன்னும் 700 கிமீ தள்ளியிருக்கும் அடாக் வரைக்கான பெட்ரோலை ஜப்பானிலேயே ஏற்றிக்கொள்ள வேண்டும்; அப்போது 620 லிட்டர், கிட்டத்தட்ட 15 சதவீதம் அதிக எடை. அடுத்த சுற்றுக்கு இந்தப் பாதைதான், எண் 620.